அத்தைக்குச் சுகர் இல்லை

ஜனவரி 10, சனி. இரவு 11.50

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டிடம்தான். நாலு மாதமாகத் தொடவே இல்லை, அதற்கும் சேர்த்து.

பனி. ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். சிப்காட் பக்கமிருந்து இரும்பு வாசம், வழக்கத்தைவிட அதிகம். தர்ஷுவுக்குச் சளி, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இவருக்கு நைட் ஷிஃப்ட். படுக்கும் முன் விரலில் குத்திப் பார்த்தது: 164. அது பரவாயில்லை.

பரவாயில்லாதது: இன்று என் பேரை அடித்துவிட்டார்கள்.

நான் கம்பெனியில் இருந்தபோது டேப் கம்ப்யூட்டரும் கையுமாக ஒரு பெண் வந்திருக்கிறாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத்தில் கிடையாது, நகராட்சியில் சேர்கிறது. அதனால் மாசாமாசம் துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை, ஊசி மருந்து வாங்குகிறவர்களை வீடு வீடாகச் சரிபார்க்கிறார்கள். அத்தை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு. எதிர் வீட்டுப் பட்டம்மாக்கா பக்கத்தில். (என்றைக்கு இல்லை?)

"இந்த வீட்ல இன்சுலின் யாருக்கும்மா?"

அத்தை ஒரு நொடி யோசிக்கவில்லை. ஐந்து வருஷப் பழக்கம். "எனுக்குத்தான்."

"இதுல சங்கீதான்னு இருக்கே?"

"அது என் மருமவ. அவதான் போய் வாங்கினு வருவா."

அந்தப் பெண் அத்தை விரலில் குத்தியிருக்கிறாள். இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 98.

"உங்களுக்கு சுகரே இல்லையேம்மா."

எழுதிக்கொண்டு போய்விட்டாள். நோய் இல்லை, நீக்கம்.

தினம் அத்தைக்கு வெந்தயம் கொடுக்கிற பட்டம்மாக்கா தெருவே கேட்கிற மாதிரி கத்தினாளாம்: "பாத்தியா யக்கா! என் வெந்தயம் கேட்ச்சி!"

அத்தைக்கு என்றைக்கும் சுகர் இருந்ததில்லை. எனக்குத்தான். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் வந்தது, மாத்திரைக்குக் கேட்காத வகை. ஊசி நின்றால் சில நாளில் ஆஸ்பத்திரி, அதற்கு மேல் எழுத வேண்டாம்.

கல்யாணமாகி வந்த இரண்டாவது மாதம் பட்டம்மாக்கா எங்கள் குப்பையில் ஊசியைப் பார்த்துவிட்டாள். "இன்னா யக்கா, ஊசி கெடக்குது?" நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை சட்டென்று, "எனுக்குத்தான்மே. சுகரு வந்துட்ச்சி." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஊருக்கு அத்தை சுகர்காரி. நான் மாமியாருக்கு மருந்து வாங்கப் போகும் நல்ல மருமகள். கல்யாண வீட்டில் அத்தை இலையில் ஜாங்கிரி வைத்தால் நாலு கை வந்து எடுத்துவிடும்.

நான் கேட்டு அத்தை அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகு நான் நன்றி என்றும் சொன்னதில்லை.

கையிருப்பு: பாதி பாட்டில் ஒன்று, புதுசு இரண்டு. காலை 22 யூனிட், இரவு 16. ஒரு பாட்டில் பத்து நாள் சொச்சம். ஆக இருபத்தாறு நாள். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு மாறவே மாறாத ஒரு கணக்கு.


ஜனவரி 11, ஞாயிறு

தர்ஷு இரவெல்லாம் இருமல். தைலம் தேய்த்தேன். துணி துவைத்தாயிற்று. இட்லிக்கு அரைக்க வேண்டும்.

இவர் காலையில் வந்து படுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "கடையில வாங்கிக்கலாம் விடு."

இந்த மாதம் வாங்கலாம். அடுத்த மாதமும். ஆயுசு முழுக்க? இது தலைவலி மாத்திரையா?

"அப்போ போய் எனக்குத்தான்னு சொல்லிடலாமா?" என்றேன். அதற்கு இவர், "நாளைக்கு தர்ஷுவுக்கு மாப்பிள்ள பாக்கும்போது அம்மாக்காரிக்கு இருக்குதுன்னு பேசுவாங்க." தர்ஷுவுக்கு மூன்றரை வயது. சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை, ஏனென்றால் நானும் இதையே நினைத்துத்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்றியத்தை விட்டுப் போனால் என்னென்ன (தெருவில் பேசிக்கொள்வது):
– நூறு நாள் வேலை நின்றுவிடும். அத்தை, பட்டம்மாக்கா இரண்டு பேருக்கும்.
– வீட்டு வரி ஏறும். எவ்வளவு என்று ஆளுக்கொரு பேச்சு.
– குப்பை வண்டி வரும். நல்லது.
– தெரு விளக்கு. வந்தால் பார்க்கலாம்.
– ஆதாரில் முகவரி மாற்ற வேண்டுமா? யாருக்கும் தெரியாது.
– நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர் இங்கேயே இருப்பாரா? சிஸ்டருக்கே தெரியாது.
– என் மூன்று பாட்டில்.

கடைசி வரியைத் தெருவில் யாரும் பேசவில்லை. நான் சேர்த்தது.


ஜனவரி 13, செவ்வாய்

பஸ் லேட். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுத் துணை சுகாதார நிலையம். ஸ்டெல்லா சிஸ்டர் எங்கள் கிராம நர்ஸ், இரண்டு வருஷமாக என் பேரில் எழுதி என் கையில் கொடுப்பவர். ஊரில் வெளி ஆட்களில் உண்மை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"உங்க மாமியார் ஏம்மா அப்டி சொன்னாங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்துவிட்டார். "நல்ல மாமியார் கெடைக்கலன்னு அழுவுறவங்கள பாத்திருக்கேன். நல்ல மாமியாரால இப்டி மாட்டிக்கினவள இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவரால் திருத்த முடியாது. டேப்பில் ஏற்றியது பூட்டிவிட்டது. இருபத்தாறாம் தேதி கிராம சபை, எங்கள் ஊருக்கு அதுதான் கடைசி கிராம சபை. பட்டியலை அங்கே சத்தமாக வாசிப்பார்கள். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அந்த ஆளே எழுந்து சொல்ல வேண்டும்.

"எழுதிக் குடுத்தா போதாதா சிஸ்டர்?"

"ஒன்றியத்துக்கு எழுதிக் குடுத்த பேப்பரெல்லாம் ஒன்றியத்துலயே தங்கிடும்மா. தீர்மானப் புத்தகத்துல ஏறுறதுதான் ஊரோட சேந்து நகராட்சிக்குப் போவும். அத விட்டா அங்க புதுசா அப்ளை பண்ணு. எத்தினி மாசமோ."

"அதுவரைக்கும் பெரியாஸ்பத்திரி?"

"குடுப்பாங்க. காலைல ஆறு மணிக்குப் போயி நிக்கணும். மாசம் ரெண்டு தடவ லீவு தருவானா உன் கம்பெனில?"

தரமாட்டான். நான் கான்ட்ராக்ட்.

வெளியே வரும்போது மருந்துப் பெட்டியைப் பார்த்தேன். சின்ன நீல ஃபிரிட்ஜ், கதவில் பிள்ளையார் ஸ்டிக்கர். இந்தப் பிள்ளையார் முகம் எனக்கு மனப்பாடம்.


ஜனவரி 15, பொங்கல்

நேற்றுப் போகி. டயர் கொளுத்திய புகை இன்னும் தொண்டையில். இன்று வெயில் நன்றாக.

எங்கள் தெருவில் மூன்று வீடு சேர்ந்து வாசலில் பொங்கல். பட்டம்மாக்காதான் அடுப்புக்கு ராஜா, ராணி எல்லாம். பொங்கி வழிந்ததும் தர்ஷு அவளாகக் கத்தினாள், "பொங்கலோ பொங்கல்." எல்லாரும் கை தட்டினார்கள்.

அத்தைக்குத்தான் சுகர் இல்லை என்று ஆகிவிட்டதே, இன்றைக்காவது சாப்பிடலாம் என்று நினைத்தேன். அத்தையும் நினைத்திருந்தது. தட்டை நீட்டியது.

பட்டம்மாக்கா கரண்டியால் தட்டை ஒதுக்கினாள். "இன்னா யக்கா நீ! இப்பத்தான் எறங்கிக்கீது. ஒரு மண்டலம் வாய கட்டு. நாப்பத்தெட்டு நாளு. அப்பால பாக்கலாம்."

"ஒரு வாய்மே."

"ஒரு வாயிலதான் எல்லாம் கெடுது. நான் இல்ல உன்ன கொணப்படுத்துனது?"

அத்தை வெண்பொங்கல் தின்றது. ராத்திரி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெல்லக்கட்டியைக் கடித்தது. கடிக்கும் சத்தம் கேட்டது. ஐந்து வருஷமாகக் கேட்கிற சத்தம்.

நானும் ஒரு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல். இரண்டு யூனிட் சேர்த்துப் போட்டேன். யாருக்கும் தெரியாமல் நான் சாப்பிடலாம், எல்லாருக்கும் தெரிந்து அத்தை சாப்பிடக்கூடாது. இதில் என்ன நியாயம்.

மறக்காமல் எழுத வேண்டியது: பட்டம்மாக்காவுக்கு நிஜமாகவே சுகர். ஆறு வருஷமாக மாத்திரை. இன்று பொங்கல் வைக்கும்போது பக்கத்து வீட்டு மருமகளிடம் சொன்னாள்: "மாத்திரைய உட்டுட்டேன்மே. நாலு நாளு ஆவுது. அக்காவுக்கே வெந்தயத்துல போச்சின்னா எனுக்கு போவாதா? வெறும் வயித்துல வெந்தயம், ஆவாரம்பூ. அவ்ளோதான்."

கேட்டுக்கொண்டே கரும்பை வெட்டினேன்.


ஜனவரி 17, சனி

கம்பெனியில் ரிஜெக்‌ஷன் அதிகம். ரப்பர் வாஷர் இருநூறு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கத்தல். பரவாயில்லை, காது பழகிவிட்டது.

சாயந்திரம் பட்டம்மாக்கா வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்று. கையில் ஒரு கிண்ணம் பருப்பு, வந்ததற்குச் சாக்கு.

"அக்கா, மாத்திரைய விடாதீங்க. சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு..."

"சிஸ்டரு மாத்திர வுடாதன்னுதான் சொல்வாங்க. அவங்க வேல அது." என் கன்னத்தைத் தட்டினாள். "நீ படிச்ச பொண்ணு, ஊசி மாத்திரதான் தெரியும். உம் மாமியார பாரு. அத்தவிட இன்னா சாட்சி வேணும் உனுக்கு?"

சாட்சி. பருப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கோழை.


ஜனவரி 20, செவ்வாய்

முட்டாள்தனம் ஒன்று. மறைக்காமல் எழுத வேண்டும், இல்லையென்றால் இந்த நோட்டு எதற்கு.

ஞாயிறும் திங்களும் குறைத்துப் போட்டேன். காலை 14, இரவு 10. குறைத்தால் பாட்டில் நீளும் என்று ஒரு கணக்கு. நீண்டது முக்கால் நாள்கூட இல்லை. இன்று காலை 318. நாக்கு வறண்டு, கெண்டைக்கால் இழுத்து, லைனில் நிற்க முடியவில்லை. மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தேன். கூட வேலை பார்க்கும் பெண், "விசேஷமா?" என்று கண்ணடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டது. "எட்டு கோடு கம்மியா போட்ட. நேத்தும் போட்ட. நான் பாத்தேன்."

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஊசியில் கோடு எண்ணத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக எண்ணுகிறது?

"நாள் தள்ளலாம்னு பாத்தேன் அத்த."

"நாளு தள்றதுக்கு இது இன்னா அரிசியா?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. "எல்லாம் என் வாயால வந்த பேஜாரு. எனுக்குத்தான் எனுக்குத்தான்னு சொல்லி சொல்லி, உன்னுதையும் புடுங்கிக் குடுத்துட்டேன்."

"இல்ல அத்த."

தர்ஷு வந்து இரண்டு பேர் நடுவிலும் உட்கார்ந்துகொண்டு, "ஆயா ஏன் அழுவுது?" என்றாள். "வெங்காயம்" என்றது அத்தை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

இனி குறைப்பது இல்லை. 22, 16. எழுதிவிட்டேன், மீறக்கூடாது.


ஜனவரி 23, வெள்ளி

காலையில் பனி மூட்டம், பத்தடி தெரியவில்லை. பஸ் லைட் போட்டுக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு அத்தையிடமிருந்து போன். அத்தை போன் செய்தாலே தர்ஷுவுக்கு என்னவோ என்றுதான் நினைப்பேன். தர்ஷு இல்லை. பட்டம்மாக்கா.

ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. மண் கூடையைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். கண் இருட்டிக்கொண்டு, பேச்சு குழறி. முந்தாநாளிலிருந்து ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு நடையாம், யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் வந்து பார்த்ததில் 412. ஆட்டோவில் ஆஸ்பத்திரி. ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்களாம். உயிருக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்தியதால் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அத்தை கூடப் போயிருக்கிறது. ஆட்டோவில் பட்டம்மாக்கா அத்தை மடியில் தலை வைத்துக்கொண்டு கேட்டாளாம்: "உனுக்கு கேட்ச்சே யக்கா, எனுக்கு ஏன் கேக்கல? நான் இன்னா பாவம் செஞ்சேன்?"

அத்தை இதை என்னிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிடவில்லை.

"அவ கையில அடிச்சி சொல்லியிருக்கணும் நான், எனுக்கு வரவே இல்லடின்னு. வாய் வரல. சொன்னா உன் பேரு வெளிய வந்துடுமேன்னு."

என் பேர். என் பேருக்காக ஒருத்தி வெல்லத்தைக் கதவு சாத்திக்கொண்டு தின்கிறாள், ஒருத்தி ஏரிக்கரையில் விழுகிறாள். அந்தப் பேர் பட்டியலிலும் இல்லை.

போதும்.


ஜனவரி 25, ஞாயிறு

நாளைக்கு. இவரிடம் சொன்னேன், கேட்கவில்லை, சொன்னேன். "நாளைக்குக் கிராம சபையில எழுந்து சொல்லப் போறேன்."

ரொம்ப நேரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நைட் ஷிஃப்டுக்குப் போகிற சேஃப்டி ஷூ, அதற்கு யாராவது பாலிஷ் போடுவார்களா?

"தர்ஷு?"

"தர்ஷுவுக்கு நாளைக்கு ஏதாவது வந்தா அவளும் கதவுக்குப் பின்னாடி நிக்கணுமா?"

ஷூவைக் கீழே வைத்தார். "எத்தன மணிக்குக் கூட்டம்?"

பட்டம்மாக்கா வீடு திரும்பிவிட்டாள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று. முதலில் அவளிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று சாயந்திரம் போனேன். வீடு நிறைய சொந்தக்காரர்கள், ஹார்லிக்ஸ், ஆப்பிள். "நாளைக்கு வரேன் கூட்டத்துக்கு, நூறு நாளு வேல போவக்கூடாதுன்னு கத்தணும்" என்றாள். வெளியில் வந்துவிட்டேன். இந்த முறை கோழை என்று எழுதமாட்டேன். நாளைக்கு எழுதுவதா வேண்டாமா என்று தெரியும்.

என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். "எங்கள் வீட்டில் ஒருவருக்கு..." அடித்தேன். "குடும்ப உறுப்பினர்..." அடித்தேன்.


ஜனவரி 26, திங்கள்

வீட்டுக்கு வந்ததும் விரலில் குத்திப் பார்த்தது: 131.

நல்ல வெயில். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், ஆளுக்கொரு லட்டு. அங்கேயே ஷாமியானா போட்டுக் கிராம சபை. இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு மேடம், பக்கத்தில் நம் ஊராட்சி செயலர், தீர்மானப் புத்தகம். அத்தை முன் வரிசையில், லட்டுவை முந்தானையில் முடிந்துகொண்டு. பக்கத்தில் பட்டம்மாக்கா. நான் தூண் ஓரம். இவர் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்து, சிவந்த கண்ணோடு தர்ஷுவைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசியில்.

முதல் ஒரு மணி நேரம் நகராட்சி வேண்டாம் என்று சண்டை.

"வேல இல்லன்னா நாங்க இன்னாத்த துன்றது மேடம்?"

"டவுனுன்னு போர்டு வெச்சா ஏரி டவுனா ஆயிடுமா?"

"வரி மட்டும் கரெக்டா டவுனு ஆயிடும்மே!"

மேடம் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிவு அவர் கையில் இல்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு பட்டியல். முதியோர் பென்ஷன், விதவை பென்ஷன், வீடு. பிறகு மருந்து. செயலர் மூச்சு விடாமல் வாசித்தார். "இன்சுலின். நீக்கம் ஒன்று. சங்கீதா. காரணம், நோய் இல்லை. ஆட்சேபணை உண்டா, இல்ல, அடுத்து..."

"உண்டு."

என் குரல்தான். மைக் இல்லாமலே கேட்டிருக்கிறது.

"நான் சங்கீதா. எனக்கு இருக்கு. எட்டு வருஷமா இருக்கு. காலைல ஒண்ணு, நைட் ஒண்ணு ஊசி. என் மாமியாருக்கு எப்பவும் இருந்ததில்ல. எனக்காக அவங்க பேரச் சொன்னாங்க. நான் சொல்ல விட்டேன். தப்பா எழுதினது வந்த பொண்ணு தப்பில்ல, எங்க தப்பு. என் பேரத் திரும்பச் சேக்கணும். புத்தகத்துல எழுதணும்."

மூச்சு வாங்கினேன். இன்னொன்று பாக்கி.

"பட்டம்மாக்கா, வெந்தயத்துல யாருக்கும் போகல. போறதுக்கு எங்க அத்தைக்கு ஒண்ணுமே இல்ல. மன்னிச்சிடுங்க."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அப்போ கல்யாணத்துல கன்னிம்மா எலையிலேந்து ஜாங்கிரி எடுத்துத் துன்னது நான்தான்" என்றார், அத்தை பேரைச் சொல்லி. இரண்டு பேர் சிரித்தார்கள். பட்டம்மாக்கா சிரிக்கவில்லை. மெதுவாக அத்தை பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வருசம். தெனம் காலைல. நான் குடுத்த வெந்தயம்?"

"துன்னேன்டி பட்டம்மா. சத்தியமா ஒரு நாளு உடல. துன்னுட்டுத்தான் வேலைக்கி வந்தேன்."

"ஒண்ணும் இல்லாமயா துன்ன?"

"நீ குடுக்குற, வேணாம்னு எப்டி சொல்றது?"

பட்டம்மாக்கா கண் நிறைந்துவிட்டது. ஒரு பெரிய திட்டு வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது. "நாசமாப் போறவளே, பொங்கலன்னிக்கி ஒரு வாய் கேட்டியேடி, நான் கரண்டியால தள்ளுனேனே." அத்தை முந்தானை முடிச்சை அவளே அவிழ்த்தாள். லட்டுவை எடுத்து அத்தை வாயில் திணித்தாள். பிறகு தன் பங்கு லட்டுவையும் எடுத்து அத்தை கையில் வைத்தாள். "இத்தயும் துன்னு. எனுக்குத்தான் ஆவாது."

ஊரே பார்க்க, வெயிலில், அத்தை லட்டு தின்றது. வாய் நிறைய. தாடையில் பூந்தி ஒட்டிக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை, லட்டுவை மட்டும் பார்த்தது.

என்னிடம் பட்டம்மாக்கா இன்னும் பேசவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது என் கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே தள்ளி, ஊசித் தழும்பைப் பார்த்தாள். "தெனம் ரெண்டா?" என்றாள். ஆமாம் என்றேன். கையை விட்டுவிட்டுப் போனாள். அது பேச்சுதானே?

செயலர் புத்தகத்தில் எழுதினார். நான் நின்று படித்துப் பார்த்தேன், என் பேரில் பிழை இல்லை. மேடம் சொன்னார்: "தீர்மானம் போயிடும்மா. ஆனா ஒண்ணாம் தேதிக்கு மேல நாங்க இல்ல. நகராட்சிக்கு நீயும் தனியா ஒண்ணு எழுது, உன் பேர்ல." தர்ஷுவைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது இவர் கேட்டார், "கடைசில நீ என்ன சொன்ன, கேக்கலையே?" "எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றேன்.

நேற்று அடித்த பக்கத்துக்குக் கீழேயே எழுதுகிறேன். இனி அடித்தல் இல்லை. நாளை காலை பஸ் ஏறும் முன் தபாலில் போட வேண்டும்.

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் சங்கீதா, வயது 27. பிப்ரவரி ஒன்றாம் தேதி முதல் தங்கள் நகராட்சியில் சேரும் ஊரில் வசிக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. எனக்குத்தான், என் மாமியாருக்கு அல்ல. மருந்துப் பட்டியலில் நோய் இல்லை என்று என் பெயர் நீக்கப்பட்டது எங்கள் வீட்டில் சொன்ன தவறான தகவலால். இன்று கிராம சபையில் ஊர் முன்னிலையில் அதைத் திருத்திச் சொல்லிவிட்டேன், தீர்மானப் புத்தகத்தில் உள்ளது. எனக்கு மாதம் மூன்று பாட்டில் தேவை. என்னிடம் இருப்பது ஒரு பாட்டிலும், பழையதில் அடியில் இருபது யூனிட்டும். பிப்ரவரி 6 இரவு வரை வரும். ஒன்றாம் தேதிக்குப் பிறகு நான் எந்த இடத்துக்கு, எந்த நாளில் வந்து வாங்க வேண்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.